வழிவிடாத டிராக்டர்

திண்டிவனம் தாண்டியதும் எதிர்க்காற்று மணிமொழியைப் பிடித்துக்கொண்டது.

விடியற்காலை திருவண்ணாமலையில் சைக்கிள் ஏறியவள். கீழ்பென்னாத்தூர், செஞ்சி எல்லாம் பறந்தே வந்துவிட்டாள். வேங்கிக்கால் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண், இருபத்து நான்கு வயதில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கப் போகிறாள். அதுவும் தனியாக, சொந்தச் சைக்கிளில். சந்தோஷத்தில், எருமை ஓட்டிப் போன யாரோ ஒருவருக்குக்கூடக் கை காட்டினாள்.

"ஆறு மணிக்குள்ள மரக்காணத்துலேர்ந்து எதிர்வீட்டுக்கு போன் பண்ணிடணும். இல்லன்னா நாளைக்கே சைக்கிளை வித்துடுவேன்" என்று அண்ணன் இளவரசன் கறாராகச் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்.

இப்போது மணி நான்கு. இன்னும் இருபது கிலோமீட்டர் பாக்கி. கடல்காற்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகருவேனா என்றது. இரண்டு முறை இறங்கித் தள்ளியும் பார்த்துவிட்டாள்.

பின்னாலிருந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவளை ஏற இறங்கப் பார்த்தார். முந்திப் போனவர் வேகத்தைக் குறைத்து, கையைப் பின்னால் நீட்டி, வா வா என்று ஜாடை காட்டினார்.

மணிமொழிக்குப் பகீரென்றது.

நல்லவேளையாகக் காற்று நின்றுவிட்டது. இந்த ஆளை முந்திவிட்டால் போதும், ஒரே மிதியில் மரக்காணம். மணியடித்தாள். வைக்கோல் பாரம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனதே தவிர, விலகுகிற வழியைக் காணோம்.

அவள் மெதுவாகப் போனால் டிராக்டரும் மெதுவாகப் போனது. அவள் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமெடுத்தது.

"யோவ், வழி விடுய்யா."

இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இந்த வயதில் புத்தி போகிறதைப் பார் என்று பல்லைக் கடித்தாள். டிராக்டர் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டாள். மரக்காணத்தில் கால் வைத்ததும் முதலில் போன், அடுத்து போலீஸ் ஸ்டேஷன். கோபத்திலேயே கால்கள் நன்றாக மிதித்தன.

ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள் வந்தன. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. கடல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கோபத்தையும் மீறி மனசு குதித்தது.

மரக்காணம் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் எதிரே டிராக்டர் நின்றது. மணி ஐந்து நாற்பது.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேராக அவரிடம் போனாள்.

"எதுக்குய்யா வழியை மறிச்சிக்கினே வந்தே? பொண்ணு தனியா வந்தா அவ்ளோ இளப்பமா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"இந்தக் காத்துல நீ தனியா மிதிச்சா வந்துசேர ராவாயிடும்மா. வைக்கோல் மறைப்புல வந்தா காத்து அடிக்காது. அதான் பின்னாலயே வரச் சொன்னேன். தள்ளி நின்னு பாரு, காத்து இன்னும் அடிச்சிக்கினுதான் இருக்கு."

மணிமொழி டிராக்டரை விட்டு நாலடி தள்ளி நின்றாள். அடித்த காற்றில் துப்பட்டா பறந்து முகத்தைச் சுற்றிக்கொண்டது. முகம் மறைந்ததும் நல்லதுதான், அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"தப்பா நெனச்சுட்டேங்கண்ணா, மன்னிச்சுக்குங்க. இவ்ளோ வைக்கோலை எங்க எறக்கப் போறீங்க?"

டிராக்டரை வந்த வழியே திருப்பிக்கொண்டே அவர் சொன்னார்.

"எங்க வீட்லதாம்மா. எங்க ஊரு பத்து கிலோமீட்டர் முன்னாடியே போயிடுச்சு."