இருநூறைத் தொடாத முள்

"ஊருக்கே காத்து அடிக்கிறவன் நான். என் பொண்ணுக்கு ஒரு குழாயில ஊத வரல."

டயர்க்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எட்டு வயது மகள் கையிலிருந்த, டாக்டர் கொடுத்த மூச்சளக்கும் மீட்டரைப் பார்த்தாள். ஊதினால் முள் ஏறும். இன்றைக்கும் நூற்றைம்பதோடு சரி.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த கூத்து இது. நாலு எட்டு ஓடினாலே பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதென்று டாக்டரிடம் போனார்கள்.

"பொறக்கும்போதே நுரையீரல் முழுசா வளர்ந்திருக்காதுங்க. உள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் காத்துப்பைங்க அப்புறமும் வருஷக்கணக்கா பெருகிக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல வீட்டுல சிகரெட் புகையே ஆகாது."

"மீட்டர்ல எவ்வளவு வரணும் டாக்டர்?"

"இவ உயரத்துக்கு இருநூறாவது வரணும்."

மனுஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே சிகரெட் பெட்டியைக் கசக்கிப் போட்டார்.

"முள் இருநூறைத் தொடுற வரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன் கண்ணு. தொட்ட அன்னிக்கு முதல் தம் உன் பேர்லதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். முள் அசைந்தால்தானே.

முதலில் மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. கடையில் காற்றடிக்கிற குழாயை அதில் சொருகிப் பார்த்தார். முள் பிய்த்துக்கொண்டு பறந்ததுதான் மிச்சம். புது மீட்டரும் நூற்றைம்பதுதான் காட்டியது.

அப்புறம் மகள் மேல் சந்தேகம். "ஸ்லோ பஞ்சராத்தான் இருக்கும்" என்று அவளைக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார வைத்து, குமிழி வருகிறதா என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அவ என்ன ட்யூபா? பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகுது" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. இருபது வருஷமா இதே தொழில்தான் பண்றேன்."

ஒரு குமிழியும் வரவில்லை. மறுபடியும் டாக்டரிடமே போனார்கள். நர்ஸ் மகளை மட்டும் உள்ளே கூட்டிப்போய்ப் பெரிய மெஷினில் ஊத வைத்தாள்.

"இருநூத்து நாப்பது. பிரமாதமா வளர்ந்திருக்கு" என்றார் டாக்டர்.

"வீட்டுல நூத்தம்பதுக்கு மேல ஒரு நாளும் வந்ததில்லையே?"

மகள் நர்ஸை முறைத்தாள். "அப்பாகிட்ட சொல்ல மாட்டோம்னு சொல்லித்தானே ஊத வச்சீங்க?"

"எதுக்குடி என்கிட்ட மறைக்கணும்?"

"இருநூறு வந்துட்டா நீங்க மறுபடியும் சிகரெட் பிடிப்பீங்களேப்பா. உங்களுக்கும் உள்ள காத்துப்பை இருக்கில்ல?"

டயர்க்கடைக்காரர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் மகள் இனி மறைக்க ஒன்றுமில்லையென்று மூச்சைக் கூட்டி ஊதினாள். முள் இருநூற்று நாற்பதைத் தாண்டி நின்றது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டரை உற்றுப் பார்த்தார். பிறகு தினமும் அளவைக் குறித்துவைக்கச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார்: நூற்றைம்பது.