சின்னக் கட்டத்தில் ஒரு முகம்

பாட்டு வெளியீட்டு விழாவில் நடிகர் சேந்தன், புதிய நிலச் சட்டம் அநியாயம் என்று ஒரே ஒரு வரி பேசிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து எந்தத் திரையிலும் அவர் முகத்துக்குப் பதில் வேறொரு நடிகரின் முகம்தான் வந்தது. அவருடைய பழைய படங்களிலும் அப்படித்தான். ரசிகர்கள் அதற்கும் விசிலடித்தார்கள். தொலையட்டும் என்று சேந்தனும் விட்டுவிட்டார்.

அதன்பின் வந்த மூன்றாவது பொங்கலன்று, வேறு ஆளில்லாத வீட்டிலிருந்து டொரன்டோவிலிருக்கும் மகளை வீடியோவில் அழைத்தார். திரையோரம், அவர் இருக்கவேண்டிய சின்னக் கட்டத்தில் அந்த நடிகர்தான் உட்கார்ந்திருந்தார்.

“கேமராவை அணைச்சிட்டுப் பேசறேம்மா.”

“ஐயோ, வேணாம்ப்பா!” என்று பதறினாள் மகள். “பாப்பா அழுவா. அவளுக்குத் தாத்தான்னா இந்த முகந்தான்.”