கொட்டிய காபி

கல்யாணமாகி இருபத்திரண்டு நாள். தினமும் விடிந்ததும் மாமியார் பவுனம்மாள் தரும் காபியை மைதிலி குளியலறையில் கொட்டிவிடுவாள். காரணத்தைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. இன்று தாழ்ப்பாள் போட மறந்துவிட்டாள். துண்டு கொடுக்க வந்த பவுனம்மாள் பார்த்துவிட்டார்.

“எங்க சாதிக்காரங்க கையால குடிக்க மாட்டியா கண்ணு? அப்ப எதுக்கு என் மவனைக் கட்டுன?”

அவர் குரல் தழைந்திருந்தது. திட்டியிருந்தால்கூட மைதிலிக்கு இவ்வளவு கூசியிருக்காது. கைக்குள் பொத்தியிருந்த மாத்திரை டப்பாவை நீட்டினாள்.

“அதில்லத்தை. தைராய்டு மாத்திரை. போட்டு அரைமணி நேரம் காபி குடிக்கக் கூடாது.”

“இதையா மறைச்ச?” பவுனம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார்கிட்டருந்து தொத்துச்சு?”

“யார்கிட்டருந்தும் இல்ல அத்தை.” மைதிலி தலை நிமிரவில்லை. “என் உடம்பே, கழுத்துல இருக்குற சுரப்பிய வேத்தாளுன்னு நெனச்சு அழிச்சுக்கிட்டிருக்கு.”