முதல் துண்டு

சுட்ட விலாக்கறியின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி, கத்தி முனையிலேயே குத்தி, அன்செல்மோ என் முன்னால் நீட்டினார்.

"உப்பு எப்படி இருக்கு?"

மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருவரும் இன்னும் ரொட்டியைக்கூடப் பிய்க்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயில் போட்டேன். கடல் தண்ணீரை மொண்டு குடித்தது போல் இருந்தது.

"பிரமாதம்," என்றேன்.

வேறு என்ன சொல்வது? ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. தெற்கே போகிற பஸ், பம்பா சமவெளியின் இந்தச் சின்ன ஊரில் பழுதாகி நின்றுவிட்டது. சாயங்காலம்தான் கிளம்பும் என்றார்கள். சாலையோரம் முதுகுப்பையின் மேல் உட்கார்ந்திருந்த என்னை, ரொட்டி வாங்கிக்கொண்டு போன எர்மினியா பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். போலந்து என்றேன்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா யாராவது தனியா உக்காந்து சாப்பிடுவாங்களா? எந்திரி," என்று என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அன்செல்மோ அவள் கணவர்.

"அப்புறம் என்ன, வெட்டுங்கண்ணா! போலாக்காவே சொல்லிட்டா," என்றான் அன்செல்மோவின் தம்பி ஃபெர்மீன். போலந்துக்காரி என்பது அதற்குள் போலாக்கா ஆகிவிட்டது.

"சுட்டவருக்கு ஒரு கைத்தட்டு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

எல்லோரும் தட்டினார்கள். அன்செல்மோ தலையை லேசாக ஆட்டிவிட்டு நெருப்புப் பக்கம் போய்விட்டார்.

பிறகு எல்லோரும் மென்றார்கள். மகள் ரொகேலியா கத்தியின் முதுகால் கறியின் மேலிருந்த உப்பைச் சுரண்டினாள். அப்பா திரும்பும்போதெல்லாம் நிறுத்திக்கொண்டாள். ஃபெர்மீன் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு துண்டு வேண்டும் என்று சத்தமாகக் கேட்டு வாங்கினான்.

தண்ணீர் ஜாடியை நிரப்ப நான் சமையலறைக்குள் போனேன். எர்மினியா கீரை இலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"நீயும் பொய்தான் சொன்ன."

எனக்கு முகம் சுட்டது.

"போன குளிர்காலத்துல ஒரு காய்ச்சல். அதோட அவருக்கு நாக்கு செத்துப்போச்சு. வாசனையும் தெரியாது. எங்க யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. எல்லாருக்கும் தெரியும்."

"நீங்க யாராவது சொல்லலாமே?"

"முப்பது வருஷமா இந்த ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் நெருப்புகிட்ட நின்னது அவருதான். நாங்க சொன்னா இரக்கப்படறோம்னு நெனைப்பாரு. மறுநாளே அடுப்பை இடிச்சுடுவாரு. வழியில போறவ சொன்னா, அது வெறும் உப்பு." இலைகளைத் தண்ணீரில் அலசினாள். "இப்படி நான் கூட்டிட்டு வந்ததுல நீ ஆறாவது ஆளு. ஆறு பேரும் பிரமாதம்னுட்டீங்க."

விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்து அந்தத் துண்டை வாங்கிக்கொண்டேன். அவரோ உப்பு எவ்வளவு என்று தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.

ஜாடியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கம்பித்தட்டில் அடிவயிற்றுக் கறி இன்னும் வெந்துகொண்டிருந்தது. அன்செல்மோ அதைத் திருப்பிப் போட்டார். பெட்டியிலிருந்து கல்லுப்பை ஒரு கை அள்ளினார். அவர் நிற்கும்போது அந்த நெருப்பின் பக்கம் யாரும் போவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன்.

தூவினார். ஒருமுறை. இன்னொருமுறை. கை மூன்றாவது முறை மேலே போனது.

"போதும்," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கறியிலிருந்து கொழுப்பு சொட்டித் தணலில் சீறியது.

"அப்போ அந்த விலா?"

"உப்பு கரிச்சுது. சாப்பிடவே முடியல."

அவர் தாடை இறுகியது. கையிலிருந்த உப்பைத் தணலிலேயே வீசிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ஃபெர்மீன் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினானே."

நான் மேஜைப் பக்கம் பார்த்தேன்.

அவர் மெல்லத் தலையைத் திருப்பி மேஜையைப் பார்த்தார். எல்லோரும் குனிந்து மென்றுகொண்டிருந்தார்கள். தம்பி கன்னம் புடைக்க மென்றுகொண்டிருந்தான். ரொகேலியா தன் குழந்தையின் தட்டிலிருந்த கறியையும் தானே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்செல்மோ ஒவ்வொருவராகப் பார்த்தார். குளிர்காலம் முடிந்து எத்தனை ஞாயிறுகள் ஆயின என்று எண்ணுகிறாரோ என்று தோன்றியது.

பிறகு உள்ளங்கையை விரித்து, மிச்ச உப்பைப் பெட்டியிலேயே உதிர்த்தார்.

கறியின் ஒரு மூலையை வெட்டி எடுத்து, இம்முறை கத்தியில் குத்தாமல், கையாலேயே என்னிடம் கொடுத்தார். நான் மெல்லும் வரை காத்திருந்தார்.

"நடுவுல இன்னும் ஒரு சிட்டிகை," என்றேன்.

போட்டார்.

"ஏய் போலாக்கா!" ஃபெர்மீன் மேஜையிலிருந்து கத்தினான். "நான் கிட்டப் போனாலே இடுக்கியால ஒரு போடு போடுவாரு. உனக்கு அங்க என்ன வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அன்செல்மோ திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

"அவ நிக்கட்டும்," என்றார்.

பஸ் ஆறு மணிக்குத் தெற்கே கிளம்பிப் போனது. நான் ஒன்பது வருஷமாக இந்த நெருப்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.