வாயத் திறங்க டாக்டர்

“வாயத் திறங்க டாக்டர். சத்தத்தப் போட்டுக் காட்டுங்க.”

பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களுக்குச் சொல்லி வந்த வார்த்தை அது.

சொன்னவர் மெக்கானிக். ஊருக்கெல்லாம் அவர் ‘காது’. சத்தத்தை வைத்தே வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்கமாட்டார். மெக்கானிக் ஏறி உட்கார்ந்தால் எந்த வண்டியும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும் என்பது அவர் கட்சி. அதனால் சொந்தக்காரர்தான் வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும். அதுவும் அவர் முகத்துக்கு நேராக நின்று.

ஒர்க்‌ஷாப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் கூச்சநாச்சமில்லாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வக்கீல் ‘கிர்ர்’ என்று ரேடியேட்டர் விசிறியாகியிருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் தன் ஸ்கூட்டரைப் போல இருமி, திருப்தியில்லாமல் மறுபடி இருமினார்.

டாக்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெட்கம் பாதிக் காரணம். மீதி, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

மனைவி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். மிதித்தால் வண்டி கத்துகிறது, ஆனால் நகரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் கேளுங்கள் என்று. அவர் கார் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டார். அடுத்தவர் வாய்க்குள் கருவியை வைத்துவிட்டு “சௌக்கியமா?” என்று விசாரிக்கிற மனிதருக்கு, பதிலைக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

போன வாரம் நடுச்சாலையில் வண்டி உறுமிக்கொண்டே அசையாமல் நின்றது. அவள் இறங்கினாள். “வண்டி பேசறதும் உங்க காதுல விழல, நான் பேசறதும் விழல” என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனவள்தான். அதற்குப்பின் போனை எடுக்கவே இல்லை.

வீடு அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. வண்டியைச் சரிபண்ணி அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் மனசு இறங்குவாள் என்று நம்பித்தான் வந்திருந்தார்.

காது சாவியைத் திருப்பி, சோதனைக் கருவியைச் செருகி, கதவைச் சாத்திவிட்டு, திரையைப் படித்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

“டேஷ்போர்டுல மஞ்ச வெளக்கு எரியறது இதனாலதான். புகைக் குழாய்ல ரெண்டு சென்சாரு. முன்னாடி இருக்கறது ஒண்ணு சொல்லுது, பின்னாடி இருக்கறது இல்லவே இல்லங்குது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை சரியில்ல. ரெண்டையும் மாத்திரலாம். ஆனா கியர் எங்க வழுக்குதுன்னு சத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்.”

“என் மனைவிக்குத்தான் தெரியும்.”

“அப்ப அவங்களக் கூப்பிடுங்க. வீடியோல.”

கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். ‘மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்கிறார்’ என்று ஒரு வரி மட்டும் தட்டி அனுப்பினார்.

அவளே வீடியோவில் வந்துவிட்டாள். கடைசியில் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட பரபரப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. தான் அடைத்துவிட்ட கடைவாய்ப் பல்லை அடையாளம் கண்டுகொண்டார். அதற்கு மேல் எதுவும் புரியவில்லை.

காது போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

அவள் உதட்டைக் குவித்தாள். குவித்தபடியே வெகுநேரம் இருந்தாள். கன்னம் உப்பியது. பிறகு கழுத்து வெடுக்கென்று முன்னால் வெட்டியது.

“இன்னொரு தடவம்மா.”

மறுபடி குவித்தாள், மறுபடி வெட்டினாள். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வக்கீலுக்குத் தன் ‘கிர்ர்’ மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது.

“ரெண்டுலேர்ந்து மூணாவது கியருக்குப் போறப்ப வழுக்குது. ஆயில மாத்தி, உள்ள ஒரு வால்வப் பாத்தா போதும், சாயந்தரம் எடுத்துக்கலாம்” என்றார் காது.

அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். காது தலையாட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி ரெடியானதும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போகணுமாம். ரேடியோ போடக் கூடாதாம்.”

போனை டாக்டர் கையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்.

மெஷின் நின்றது.

அந்த அமைதியிலும் போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ கம்மலாகக் கேட்டது. டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடி ஏற்றி மூடியிருந்த வண்டிக்குள்ளிருந்து!

ப்ளூடூத். பாட்டுக் கேட்பதற்காக அவரே இணைத்து வைத்தது. ஆரம்பத்திலிருந்தே அவள் சத்தம் முழுக்க வண்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கதவைத் திறந்தார். அவர் ரேடியோவுக்குக் கூட்டி வைத்திருந்த அதே அளவில் நாலு ஸ்பீக்கரும் அலறின.

“ரேடியோ போடாம வரணும்! கேக்குதா, கேக்கலையா?”

அம்மாளின் இருமல் பாதியில் நின்றது. வக்கீல் துள்ளிக் குதித்தார். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

குனிந்திருந்த காது மட்டும் திரும்பவில்லை. தன் பாட்டுக்கு ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அந்த முதுகையே பார்த்தார். வக்கீலின் பார்வையும் மெல்ல அந்தப் பக்கம் போகத் தொடங்கியது.

டாக்டர் அவசரமாக வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“கேக்குது” என்றார். “சொல்லு.”