ஏழு நாள் முகம்

"காதுக்குப் பின்னால கீறி, தோலை இழுத்துத் தைக்கணும் அம்மாசி. மயக்க மருந்தெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கிட்டுப் போயிட்டான். வலி உசிரு போகும்," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பரஞ்சோதி.

"தாங்கிக்குவேங்கய்யா."

"மூணு நாளைக்கு மூஞ்சி பூசணிக்காயா வீங்கும். ஏழாம் நாள் வத்திடும். தையல் பிரிக்கப் பத்து நாளாகும், அதுவரைக்கும் சிரிச்சிடாத, பிச்சிக்கும்."

"சிரிக்கிற காலமாங்கய்யா இது?"

"அம்பது வயசுல முப்பதா தெரியணும்ங்கிறியே, எங்கயாவது பொண்ணு பார்த்திருக்கியா?"

அம்மாசி துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார்.

ஏழு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தார். எட்டாம் நாள் காலை, நரையில் விளக்குக்கரியைத் தடவிக்கொண்டு கூலிகளை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் நின்றார்.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்திருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலைப் பார்த்துக் கத்தினார்.

"அய்யாவு, வயசு இருபத்தெட்டு!"

ஒரு மாதமாகக் காட்டில் ஒளிந்திருக்கும் மகனின் பெயர் அது.

"நான்தாங்க," என்று முன்னால் வந்தார் அம்மாசி.

அது அய்யாவு இல்லை என்று தெரிந்தும் கிராணி பட்டியலில் கோடு போட்டார். ஜப்பான் சிப்பாய் அம்மாசியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். திருப்தியாகத் தலையாட்டினான். இனி மகனை யாரும் தேட மாட்டார்கள்.

படுதா போட்ட லாரிக்குள் அரையிருட்டு. காலையில் கூலிம் பட்டணத்துச் சந்தையில் வளைத்துப் பிடித்தவர்களை ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் தாடி வளர்ந்த ஒருவன் அம்மாசியை நிமிர்ந்து பார்த்து, நகர்ந்து இடம் விட்டான்.

"இப்படி உக்காருங்கண்ணே. நீங்க எந்தத் தோட்டம்?"

அய்யாவுதான்.

அம்மாசி சிரிக்க ஆரம்பித்தார். காதோரத் தையல் ஒவ்வொன்றாகப் பிய்ந்தது.