உம் கொட்ட வந்தவர்

ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதைசொல்லி அக்கா. இந்தப் பக்கம் பதிவுப் பொத்தான்களின் முன்னால் நான், என்னோடு அவள் வீட்டுக்காரர்.

யாராவது உம் கொட்டாவிட்டால் அக்காவுக்குக் கதை நகராது. அதுவும் இவர் கொட்டினால்தான் நகரும். நான் கொட்டிப் பார்த்தேன். பல்வலிக்காரன் முனகுவதுபோல இருக்கிறதாம்.

அதனால் இவருக்குத் தனி மைக். இவர் கொட்டும் உம் அக்காவின் காதில் விழும், பதிவில் விழாது.

சிக்கல் என்னவென்றால், இருவருக்கும் நாற்பது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவருடைய குறட்டையை அக்கா மேடையில் இருநூறு பேர் முன்னால் செய்துகாட்டிவிட்டாள். பெரியவர்கள் மட்டும் வரும் கதைக்கூட்டம், வயிறு வலிக்கச் சிரித்தது. மனுஷர் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

“கோபம் வேற, கதை வேற தம்பி. உம் கொட்டறதெல்லாம் பேச்சுல சேராது” என்றார், மைக்கைச் சரிசெய்தபடி.

இது தொடரின் கடைசிக் கதை. இதுவும் முடிந்துவிட்டால் இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் காரணமே இல்லை.

அக்கா கதையைத் தொடங்கினாள்: குறட்டை விடும் புருஷனைக் குயவனிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பானையை வாங்கி வந்தாள் ஒருத்தி.

உம்.

பானை குறட்டை விடாது. ஆனால் ராத்திரியில் பானைக்கு வேறு எந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

உம். இந்த முறை மீசைக்குள் ஒரு சிரிப்பு.

என் கையிலிருந்த தாளின்படி, அவள் பானையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதோடு கதை முடிய வேண்டும்.

அக்கா தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கதையில் வந்தவளைக் குயவன் வீட்டு வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

“தூக்கமே வரல. தப்பு என்னுதுதான். வீட்டுக்கு வந்துடறீங்களா?”

அது அக்காவின் சொந்தக் குரல்.

இவர் உம் என்றார். மறுபடி உம் என்றார். மூன்றாவது உம் கண்ணாடியே அதிரும்படி வந்தது.

உள்ளே அக்கா காத்திருந்தாள். முகம் வாடிக்கொண்டே வந்தது.

இவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், என்னை முறைத்தார். பிறகு சிவப்பு விளக்கைக்கூட மதிக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“வரேன்னுதானடி சொல்றேன்! காதுல விழலயா?”

அக்கா சிரித்த சிரிப்பில் ஒலிமானியின் முள் எகிறிக் குதித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதிவைக் கேட்ட தயாரிப்பாளர், கடைசியில் ஏதோ ஆம்பளைக் குரல் வருகிறதே, வெட்டிவிடலாமா என்று கேட்டார். கதையின் முடிவே அதுதான் என்றேன்.

அந்த மைக் ஓட்டை மைக், நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது என்று இருவரும் இன்றும் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அக்கா தாளைக் கவிழ்த்த நொடியில் என் விரல் எந்தப் பொத்தானை அணைத்தது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.